மறுதொடக்கத்துக்குப் பின் டொங்கிள் கொத்துக்கொத்தாகப் பதிலளிக்கிறது: யூஎஸ்பி மின்சேமிப்புத்தான் காரணமா?

கேள்வி · உப்புவெளி

வணக்கம். நிலாவெளியில் எங்கள் தோட்டத்துக் கொட்டிலில், திரை பழுதாகிப்போன பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவி, கிணற்றின் நீர்மட்டத்தையும் மழையளவையும் பதிவுசெய்வதற்கு வைத்திருக்கிறேன். அங்கே மின்சார இணைப்பு இல்லை. 12 வோல்ற்று பற்றரி ஒன்றும் கூரைமேல் ஒரு சோலர் பனலுமே அதற்கு ஆதாரம். கச்சான் வீசும் மாதங்களில் பகல் முழுவதும் வெயில் எரிப்பதால் குறையொன்றும் இல்லை. மாரி பிடித்து வானம் இருண்டுவிட்டால், மூன்றாம் நாள் விடிவதற்குள் பற்றரி இறங்கிக் கணினி அணைந்துவிடுகிறது. ஆகவே, சேமிக்கக்கூடியதையெல்லாம் சேமிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் மின்செலவைக் காட்டிக் குறைக்க உதவும் பவர்டொப் என்னும் நிரலை நிறுவி, கணினி தொடங்கும்போதெல்லாம் அதன் தானியங்கிச் சீரமைப்பு ஒருமுறை ஓடும்படி ஒரு சேவையாக அமைத்தேன்.

அதன் பின் மூன்று தொல்லைகள். முதலாவதும் பெரியதும், யூஎஸ்பி துறையில் (போர்ட்) செருகி இணையம் பெறும் 4ஜி டொங்கிளைப் பற்றியது. மணிக்கு ஒருமுறை தரவை வெளியே அனுப்பும் வேலை ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஆனால், வீட்டிலிருந்து வயர்கார்ட் என்னும் பாதுகாப்பான தனிவலை (விபிஎன்) இணைப்பின் வழியே அந்தக் கணினிக்குள் நுழைய முயன்றால், சில வேளை உடனே திறக்கிறது, சில வேளை இருபது செக்கனுக்கு மேல் காக்கவைக்கிறது. பதில் வருகிறதா என்று சோதிக்கும் பிங் செய்திகளை அனுப்பிப் பார்த்தபோது, நெடுநேரம் ஒரு பதிலும் இல்லாமல் இருந்து, பிறகு எல்லாப் பதில்களும் ஒரே கணத்தில் கொத்தாக வந்து விழுகின்றன. முதலாவதன் தாமதம் 22 செக்கன் என்றும், அடுத்தது 21 என்றும், அதற்கடுத்தது 20 என்றும் படிப்படியாக இறங்கிக் காட்டுகிறது. லினக்ஸின் மையக்கருவான கேர்னலின் செய்திப் பதிவில் பிழை எதுவும் இல்லை. தோட்டத்துக்குப் போய் டொங்கிளைக் கழற்றி மறுபடி செருகினால் எல்லாம் சீராகிவிடுகிறது; கணினியை மறுதொடக்கம் செய்தால் பழைய கதைதான். டொங்கிளை வாங்கிய கடையில் கேட்டபோது, பொருள் பழுதாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள்.

இரண்டாவது, உணரிகள் பொருத்திய ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகை. என் நிரல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் துறையைத் திறந்து, ஒரு வரியைப் படித்து, மூடிவிடும். அந்த வரி பல தடவை காலியாக வருகிறது. மூன்றாவது, சுட்டியை நகர்த்தினால் அசைவதில்லை. ஒருமுறை அழுத்திய பிறகே உயிர் பெறுகிறது. இது சிறு விடயம்தான்.

நான் அறிய விரும்புவது இதுதான்: ஒரு யூஎஸ்பி சாதனத்தை எப்போது உறங்கவைப்பது என்பதைக் கேர்னல் எதைக் கொண்டு முடிவுசெய்கிறது? டொங்கிளுக்கு மட்டும் விலக்களிக்க முடியுமா, அல்லது இந்த வசதியை முழுவதும் நிறுத்திவிடுவதுதான் நல்லதா?

பதில் · கிண்ணியா

தம்பி, முழுவதும் நிறுத்திவிடுங்கள் என்பதே என் அனுபவம். என்னுடைய கொமியுனிகேஷன் கடையில் ஒரு ஸ்கேனர் இருக்கிறது. சற்று நேரம் வேலையில்லாமல் இருந்துவிட்டால், அடுத்த வாடிக்கையாளர் அடையாள அட்டையை நீட்டும்போது அது எழும்பவே எழும்பாது. கணினி தொடங்கும்போது கேர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில் ‘யூஎஸ்பிகோர்.ஓட்டோசஸ்பென்ட்’ என்னும் தானியங்கி உறக்க அமைப்புக்கு கழித்தல் 1 என்ற பெறுமானத்தைச் சேர்த்தேன். அன்றோடு தொல்லை தீர்ந்தது.

ஒரு எச்சரிக்கை மட்டும். இதே பெறுமானத்தை மொட்யூல்களுக்கான (கேர்னலோடு தனியாகச் சேரும் துண்டு நிரல்களுக்கான) அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். யூஎஸ்பிகோர் தனி மொட்யூலாக இல்லாமல் கேர்னலுக்குள்ளேயே சேர்த்துத் தொகுக்கப்பட்டிருந்தால் அந்தக் கோப்பை எவரும் பார்ப்பதில்லை. தொடக்கக் கட்டளை வரியில்தான் கொடுக்க வேண்டும்.

பதில் · திருகோணமலை நகர்

கிண்ணியா நண்பர் சொன்ன வழி கடைக்குப் பொருந்தும். அங்கே சுவரில் மின்சாரம் இருக்கிறது. பற்றரியை நம்பியிருக்கும் தோட்டத்துக் கணினிக்கு அதைச் செய்வது, ஓர் ஓடு ஒழுகுகிறது என்று கூரையையே கழற்றுவதற்குச் சமம். கேள்வியில் நீங்களே விடையின் பாதியைத் தந்துவிட்டீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கேர்னல் முடிவெடுக்கும் முறையைப் பார்ப்போம்.

ஒவ்வொரு யூஎஸ்பி சாதனத்துக்கும், சாதனங்களின் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் கோப்பகத்தில் ஓர் இடம் உண்டு. அதற்குள் ‘பவர்’ என்ற கோப்புறையில் ‘கொன்ட்ரோல்’ என்ற கோப்பு இருக்கும். அதில் ‘ஒன்’ என்று இருந்தால் சாதனம் எப்போதும் விழித்திருக்கும். ‘ஓட்டோ’ என்று இருந்தால், வேலையில்லாதபோது அதை உறங்கவைக்கக் கேர்னலுக்கு அனுமதி உண்டு. புதிதாகச் செருகப்படும் சாதனத்துக்குக் கேர்னல் இடும் தொடக்க நிலை ‘ஒன்’. ஒரு துறையைப் பலவாகப் பிரிக்கும் ஹப்களுக்கு மட்டும் ‘ஓட்டோ’. அவற்றைத் தவிர, உறக்கத்தைச் சரியாகக் கையாளும் என்று அறியப்பட்ட சிலவற்றுக்கு, வலைக்கமரா போன்றவற்றுக்கு, அவற்றின் இயக்கி நிரல்களே ‘ஓட்டோ’வை இயக்கிவிடும். இப்படிக் கஞ்சத்தனமாக அனுமதிப்பதற்குக் காரணம், உறங்கப்போய் ஒழுங்காக எழும்பத் தெரியாத சாதனங்கள் சந்தையில் ஏராளம் இருப்பதுதான். கிண்ணியா நண்பரின் ஸ்கேனர் அந்த இனத்தைச் சேர்ந்தது.

‘ஓட்டோ’ என்று இருந்தாலும் உடனே உறங்கிவிடாது. கேர்னல் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பயன்பாட்டு எண்ணிக்கையை வைத்திருக்கிறது. இயக்கி நிரலுக்கு வேலை இருக்கும்போது அந்த எண்ணிக்கையைக் கூட்டும், முடிந்ததும் குறைக்கும். எண்ணிக்கை பூச்சியமாகி, கடைசி வேலை நடந்து குறித்த நேரம் கழிந்த பிறகே உறக்கம். அந்த நேரம் வழக்கமாக 2 செக்கன். அதே கோப்புறையில் மில்லிசெக்கன் கணக்கில் 2000 என்று எழுதியிருப்பதைக் காணலாம். ஓட்டோசஸ்பென்ட்டை ஆதரிப்பதாக இயக்கி நிரல் அறிவிக்கவில்லையென்றால், நீங்கள் ‘ஓட்டோ’ என்று எத்தனை தடவை எழுதினாலும், அந்த இயக்கி பொருந்தியிருக்கும்வரை சாதனம் உறங்காது. மாறாக, இயக்கியே பொருந்தாத சாதனம், உங்கள் மடிக்கணினியில் கைரேகை வாசிப்பான் ஒன்று சும்மா இருந்தால் அது, ‘ஓட்டோ’ கொடுத்தவுடன் நிம்மதியாகத் தூங்கிவிடும்.

உறக்கம் என்பதைக் கம்பியில் பார்த்தால் மிக எளிது. துறையில் 3 மில்லிசெக்கனுக்கு எந்த அசைவும் இல்லையென்றால் சாதனம் தானாகவே ஒடுங்க வேண்டும், யூஎஸ்பி 2.0 விதிப்படி, ஒடுங்கிய பின் அது 2.5 மில்லி அம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. விழித்திருக்கும்போது 500 மில்லி அம்பியர்வரை எடுக்க அனுமதி உண்டு என்பதை நினைவில் வையுங்கள். எழுப்புவதற்குக் கணினி 20 மில்லிசெக்கன் எழுப்பும் சைகை கொடுத்து, பின் 10 மில்லிசெக்கன் பொறுத்திருந்தால் போதும். ஆகவே, உறக்கத்திலிருந்து எழும்புவதற்கு இருபது செக்கன் பிடித்தது என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். இருபது செக்கன் தாமதம் என்றால், இருபது செக்கன் எவரும் அதை எழுப்பவில்லை என்றே பொருள்.

இப்போது உங்கள் டொங்கிளுக்கு வருவோம். கணினி வெளியே எதையாவது அனுப்பும்போது, கணினியே டொங்கிளை எழுப்புகிறது. அதனால் மணிக்கொரு தரவு ஒருநாளும் தவறவில்லை. வெளியிலிருந்து ஒரு தரவுப் பொட்டலம் உள்ளே வரும்போது நிலைமை தலைகீழ்: டொங்கிள்தான் கணினியை எழுப்ப வேண்டும். ரிமோட் வேக்அப் என்பது அதுதான். வலை இடைமுகம் இயங்கிக்கொண்டிருக்கும்போது சாதனத்தை உறங்கவிடும் இயக்கி, எனக்கு ரிமோட் வேக்அப் வேண்டும் என்று கேர்னலிடம் கேட்டுவைத்திருக்கும்; அந்தத் திறன் தனக்கு இல்லை என்று சாதனம் சொன்னால் கேர்னல் அதை உறங்கவே விடாது. உங்கள் டொங்கிள் உறங்கியிருக்கிறது. ஆகவே, திறன் உண்டு என்று தன் விவரப் பட்டியலில் சொல்லிக்கொண்டே, வேளை வரும்போது எழுப்பாமல் இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையின் விரிவான வெளியீட்டில், அமைப்பின் பண்புகள் என்ற வரியில் ‘0எக்ஸ்ஏ0’ என்றும் அதன்கீழ் ரிமோட் வேக்அப் என்றும் இருந்தால், அந்தப் பொய்யை எழுத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பதில்கள் கொத்தாக வருவதும் இதனால்தான். டொங்கிள் பொட்டலங்களைத் தன்னிடம் தேக்கி வைத்திருக்கிறது; கணினி ஏதோ ஒரு காரணத்துக்காக அதை எழுப்பும்போது அவ்வளவையும் ஒன்றாகக் கொட்டுகிறது. அந்தக் காரணம் அநேகமாக, இணைப்பு அறாமலிருக்க வயர்கார்ட் இடையிடையே அனுப்பும் உயிர்ப்புச் செய்தி. அதை 25 செக்கனுக்கு ஒருமுறை என்று அமைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் கணக்குப் பொருந்திவிடுகிறது: ஒவ்வொரு 25 செக்கனிலும் ஏறத்தாழ 2 செக்கன் மட்டும் கதவு திறந்திருக்கிறது.

நீங்கள் தந்த பாதி விடை இதுதான்: கழற்றிச் செருகினால் சீராகிறது, மறுதொடக்கம் செய்தால் கெடுகிறது. வன்பொருள் பழுது இப்படி நாள் பார்த்து நடந்துகொள்வதில்லை. பவர்டொப் சேவை கணினி தொடங்கும்போது ஒரேயொரு முறை ஓடி, அப்போது கண்ணில் பட்ட சாதனங்கள் எல்லாவற்றுக்கும் ‘ஓட்டோ’ எழுதிவிட்டுப் போய்விடுகிறது. பிறகு கழற்றிச் செருகிய டொங்கிள் கேர்னலுக்குப் புதிய சாதனம். அதற்குத் தொடக்க நிலையான ‘ஒன்’ கிடைக்கிறது. புதிய டொங்கிள் வாங்கியிருந்தால், அதைச் செருகிய அன்று நன்றாக இயங்கியிருக்கும். அடுத்த மறுதொடக்கத்தில் கடைக்காரரை மறுபடி தேடிப் போயிருப்பீர்கள்.

சோதிப்பது எளிது. கணினிக்குள் நுழைந்து, பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே டொங்கிளின் ‘கொன்ட்ரோல்’ கோப்பில் ‘ஒன்’ என்று எழுதிப் பாருங்கள். ‘பவர்’ கோப்புறையில் உள்ள ‘வேக்அப்’ என்ற கோப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். பெயரைப் பார்த்துப் பலர் அதையே மருந்து என்று எண்ணுகிறார்கள். அது முழுக் கணினியும் உறங்கும்போது அதை எழுப்பும் உரிமை இந்தச் சாதனத்துக்கு உண்டா என்பதைத் தீர்மானிப்பது, இந்த நோய்க்கு உதவாது.

பதில் · உப்புவெளி, கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. உயிர்ப்புச் செய்தி 25 செக்கன்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று வியந்துபோனேன். விவரப் பட்டியலிலும் ரிமோட் வேக்அப் என்றே இருக்கிறது. ‘ஒன்’ என்று எழுதிய அதே செக்கனிலிருந்து பிங் பதில்கள் ஒவ்வொன்றாக ஒழுங்காக வரத் தொடங்கின. ‘ஓட்டோ’ என்று மாற்றியதும் மறுபடி கொத்தாகின. நான்கைந்து தடவை மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். ‘ஒன்’ என்று வைக்காமல், அந்த 2 செக்கனை 30 செக்கனாகக் கூட்டினால் சேமிப்பும் கிடைக்கும், தாமதமும் நீங்கும் அல்லவா?

பதில் · திருகோணமலை நகர்

தாமதம் நீங்கும்; சேமிப்புக் கிடைக்காது. 25 செக்கனுக்கு ஒருமுறை வேலை வந்துகொண்டிருக்கும்போது, 30 செக்கன் சும்மா இருந்தால்தான் உறங்கலாம் என்று சொன்னால், அந்த 30 ஒருபோதும் நிறையாது. ‘ஒன்’ என்பதையே சுற்றி வளைத்து எழுதியதாக முடியும்.

நிரந்தரமாக்குவதற்கு, டொங்கிளின் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் குறித்து, அது சேர்க்கப்படும்போது ‘கொன்ட்ரோல்’ கோப்பில் ‘ஒன்’ எழுதும்படி சாதனங்களைக் கவனித்து அமைக்கும் யூடெவ் என்னும் நிரலுக்கு ஒரு விதி எழுதினால் போதும். ஆனால் பவர்டொப் சேவை இருக்கும்வரை அந்த விதியால் பயனில்லை. யூடெவ் முதலில் ‘ஒன்’ எழுதும், பிறகு வரும் பவர்டொப் அதன்மேல் ‘ஓட்டோ’ எழுதிவிட்டுப் போகும். பவர்டொப்பைப் பார்ப்பதற்கு மட்டும் பாவியுங்கள். எழுதும் வேலையை யூடெவ்விடம் விடுங்கள்.

பதில் · மூதூர்

டொங்கிள் விடயம் தீர்ந்துவிட்டதால் மற்ற இரண்டையும் பற்றிச் சொல்கிறேன்.

ஆர்டுயினோவின் காலி வரிக்கும் மின்சேமிப்புக்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வகைப் பலகைகளில், துறையைத் திறக்கும்போது கணினி எழுப்பும் டிடிஆர் என்னும் சைகை பலகையை மீளத் தொடங்கச் செய்துவிடும். அது தன் தொடக்க நிரலைக் கடந்து உங்கள் நிரலுக்கு வருவதற்குள் நீங்கள் படித்து முடித்திருப்பீர்கள். பவர்டொப் நிறுவுவதற்கு முந்திய பதிவுகளை எடுத்துப் பாருங்கள். அங்கேயும் காலி வரிகள் இருக்கும் என்று நினைக்கிறேன். துறையை ஒருமுறை திறந்து, மூடாமலே வைத்திருப்பதுதான் வழி. அப்படித் திறந்து வைத்திருக்கும்வரை, பலகையை யூஎஸ்பியோடு இணைக்கும் தொடர் மாற்றி விழித்திருக்கும் என்பது உண்மை. அதற்காக வருந்த வேண்டாம். மாற்றிச் சிப் உறங்கினாலும், பலகையில் உள்ள நுண்கட்டுப்படுத்தியும் உணரிகளும் அதே 5 வோல்ற்றிலிருந்து குடித்துக்கொண்டுதான் இருக்கும். கேர்னல் சாதனத்தை உறங்கச் சொல்லுமேயன்றி, துறையின் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. யூஎஸ்பி ஒரு மரம். ஒரு ஹப்பின்கீழ் ஒரேயொரு சாதனம் விழித்திருந்தாலும் அந்த ஹப் உறங்க முடியாது. ஹப் உறங்காவிட்டால் அதற்கு மேலிருந்து யூஎஸ்பி துறைகளை நடத்தும் கட்டுப்படுத்தியும் உறங்காது. பழைய மடிக்கணினிகளில் அந்தக் கட்டுப்படுத்தி தன் வேலைப் பட்டியலைத் தேடி நினைவகத்தை இடைவிடாமல் வாசித்துக்கொண்டிருப்பதால், செயலியும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போக முடியாமல் தவிக்கும். ஆகவே சில சாதனங்களை விழித்திருக்க விடுவதானால், அவை எல்லாவற்றையும் ஒரே கிளையில் செருகுங்கள். எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மரவடிவில் காட்டச் சொன்னால், எந்தத் துறை எந்தக் கட்டுப்படுத்தியின்கீழ் வருகிறது என்று தெரியும். உங்கள் கணினி பழையதென்பதால் வலப்பக்கத் துறைகளும் இடப்பக்கத் துறைகளும் வெவ்வேறு கட்டுப்படுத்திகளைச் சேர்ந்தவையாக இருக்க இடமுண்டு. நம் ஊர்க்காரருக்குத் துறை என்றாலே கப்பல்தான் கண்ணில் வரும். எந்தத் துறையில் கட்டுவது என்பது இங்கேயும் அதே அளவுக்கு முக்கியம்.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டால், கணக்கு இப்படி: தொடர்ச்சியாக 1 வாற்று குறைத்தால் நாளொன்றுக்கு 24 வாற்று மணி, 12 வோல்ற்று பற்றரியில் அது 2 அம்பியர் மணி. மாரியில் மூன்று நாள் வெயிலில்லை என்றால் 6 அம்பியர் மணி. உங்கள் பற்றரியின் அளவோடு ஒப்பிட்டு, இதற்காக இத்தனை பாடு படலாமா என்று நீங்களே முடிவு செய்யலாம். படலாம் என்பதே என் எண்ணம்.

பதில் · உப்புவெளி, கேள்வி கேட்டவர்

பழைய பதிவுகளைப் பார்த்தேன். பவர்டொப்புக்கு முந்திய மாதங்களிலும் காலி வரிகள் இருக்கின்றன. அதுவரை நான் கவனிக்கவில்லை, பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் என்று எண்ணிக்கொண்டேன். துறையைத் திறந்தே வைத்திருக்கும்படி நிரலை மாற்றிவிட்டேன். மூதூர் அண்ணா சொன்னபடி, டொங்கிளும் ஆர்டுயினோவும் இப்போது இடப்பக்கத்தில் ஒரே கட்டுப்படுத்தியின்கீழ். மற்றக் கட்டுப்படுத்தியின் நிலை ‘சஸ்பென்டட்’ (உறக்கம்) என்று காட்டும் என நினைத்தேன், காட்டவில்லை. அதன்கீழ் விழித்திருந்தது சுட்டி. பவர்டொப்பை நீக்கியதும் அது தன் தொடக்க நிலைக்குத் திரும்பிவிட்டது.

இன்னொன்றும் செய்தேன். இரவில் நான் அந்தக் கணினிக்குள் நுழைவதில்லை. தரவு வெளியே போனால் போதும். அதற்கு ‘ஓட்டோ’வே தடையில்லை என்று நகரத்து ஐயா விளக்கியதால், காலை 6 மணிக்கு டொங்கிளை ‘ஒன்’ என்றும் இரவு 9 மணிக்கு ‘ஓட்டோ’ என்றும் மாற்றும்படி நேரஅட்டவணையில் இரண்டு வரிகளை எழுதினேன். இரவில் வயர்கார்ட்டின் உயிர்ப்புச் செய்தியையும் நிறுத்தியிருக்கிறேன். இல்லாவிட்டால் 25 செக்கனுக்கு ஒருமுறை நானே அதை எழுப்பிக்கொண்டிருப்பேன்.

பதில் · கிண்ணியா

நல்லது தம்பி. கடையில் நான் கழித்தல் 1 இலேயே இருந்துகொள்கிறேன். வரிசையில் ஆள் நிற்கும்போது விதி எழுத நேரமில்லை. சுட்டிக்கு என்ன செய்தீர்கள்? அதற்கும் ‘ஓட்டோ’ எழுதி, அழுத்தினால் எழும்பட்டும் என்று விட்டுவிடலாமே.

பதில் · உப்புவெளி, கேள்வி கேட்டவர்

அப்படித்தான் முதலில் எழுதினேன் நானா. பிறகுதான் யோசித்தேன்: திரையே இல்லாத கணினிக்குச் சுட்டி எதற்கு? நேற்றுக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டு தடவை மறுதொடக்கம் செய்து பார்த்தேன். வலப்பக்கக் கட்டுப்படுத்தி இப்போது உறங்குகிறது, பிங் பதில்களும் வரிசையாக வருகின்றன.